நாயகனுக்குக் கோபம் வர நாயகி ஏன் சாக வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் காமிக்ஸாவது படிக்கட்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கும் அதே எண்ணம்தான். நம் சிங்கப்பூர் நூலகங்களில் காமிக்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் தரையிலேயே உட்கார்ந்து படிப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் சூப்பர் ஹீரோ கதைகள் துணிச்சலையும் நியாய உணர்வையும் வளர்க்கும் என்று சொன்னதோடு கட்டுரை நின்றுவிட்டது. அந்தக் கதைகளில் நாயகனின் காதலி என்ன பாடுபடுகிறாள் என்பதை யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். ஸ்பைடர்மேன் என்றால் அவனுக்கு உயிர். 1973ல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழை, மறுபதிப்புத் தொகுப்பு ஒன்றில், அவனோடு சேர்ந்து படித்தேன். வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனான பீட்டரின் காதலி குவென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வீசிய வலை அவள் காலைப் பற்றிக்கொள்கிறது. அதே கட்டத்தில் அவள் கழுத்தருகே சின்ன எழுத்தில் ‘ஸ்னாப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், போய்விட்டாள். பாலத்தின் மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, மயக்கத்தில் கிடக்கிறாள். அதற்கப்புறம் வருவதெல்லாம் பீட்டரின் கதறல், பீட்டரின் சபதம். படித்து முடித்ததும் பையன் சொன்னது: “பாவம் சித்தி, ஸ்பைடர்மேன்.”

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி நினைக்க வைக்கத்தானே அந்தப் பக்கங்களை வரைந்திருக்கிறார்கள்! அந்தக் கதை உருவான விதமும் அப்படித்தான். கதையில் ஒரு பெரிய சாவு வேண்டும் என்று பேசியபோது முதலில் அடிபட்ட பெயர் பீட்டரை வளர்த்த மே ஆன்ட்டி. ஓவியர் ஜான் ரொமிட்டாதான் குவென் என்று மாற்றச் சொன்னார். ஆக, பலி கொடுக்கலாம் என்று அடிபட்ட பெயர்கள் இரண்டுமே பெண்களுடையவை.

1994ல் ‘கிரீன் லேன்டர்ன்’ 54ஆம் இதழ் இன்னும் ஒரு படி கீழே போனது. அலெக்ஸாண்ட்ரா டிவிட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரப் பெண், புதிதாகக் கிரீன் லேன்டர்ன் என்ற சூப்பர் ஹீரோவின் சக்தி கிடைத்துத் தடுமாறும் காதலனுக்கு ஊக்கம் கொடுத்துப் பயிற்சிக்கும் உதவுகிறாள். கதையில் அவள் நுழைந்து சில இதழ்கள்தான் ஆகியிருந்தன, வில்லன் அவளைக் கொன்று வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைக்கிறான், காதலன் வந்து திறந்து பார்ப்பதற்காக. 1999ல் கேய்ல் சிமோன் என்ற வாசகி, அப்போது முடிதிருத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இப்படிக் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, வதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை எல்லாம் பட்டியல் போட்டார். அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் பெயரையே பட்டியலுக்கு வைத்தார். கதை எழுதுபவர்களிடமே மின்னஞ்சலில் கேட்டார். பின்னாளில் அவரே ‘வொண்டர் வுமன்’ கதைகளை எழுதும் இடத்துக்கு வந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆண் பாத்திரங்களும்தான் சாகிறார்கள், அடிபடுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, அதையும் பார்ப்போம். 1988ல் வந்த ‘த கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் கதையில் வில்லன் ஜோக்கர், போலீஸ் கமிஷனர் கோர்டனின் மகள் பார்பராவை வீட்டு வாசலிலேயே சுடுகிறான். குண்டு முதுகுத்தண்டில் பாய்கிறது. அவள் பேட்கேர்ளாக இருந்தவள். ஜோக்கருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை, அவள் அப்பாவைப் பைத்தியமாக்க வேண்டும், அதற்கு அவள் உடம்பு தேவைப்பட்டது. 1993ல், அதே கதைகள் நடக்கும் காத்தம் நகரத்தில், பேட்மேனின் முதுகை ‘பேன்’ என்ற வில்லன் ஒடிக்கிறான். பேட்மேன் மறு வருடமே எழுந்து நடந்து, தன் முகமூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பார்பரா சக்கர நாற்காலியை விட்டு எழுந்தது 2011ல். ஒரே பதிப்பகம், ஒரே ஊர், ஒரே மாதிரிக் காயம். சூப்பர்மேன் 1992ல் செத்தபோது உலகமே அழுதது, மறு வருடம் திரும்பி வந்துவிட்டார்.

பார்பரா விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளை அப்படியே கைவிட மனமில்லாமல் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் தம்பதியர் அவளை ‘ஆரக்கிள்’ ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினி மூலம் மற்ற வீரர்களுக்கெல்லாம் வழிகாட்டும் மூளை. உடற்குறையுள்ள வாசகர்கள் பலர் அவளைக் கொண்டாடினார்கள். எழுதுகிறவர்களுக்கு அக்கறை இருந்தால் போதும், எந்தக் குழியிலிருந்தும் ஒரு பாத்திரத்தை மீட்டுவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நமக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம் என்பதுதான் என் கவலை. முதல் பாதியில் இரண்டு பாட்டு, இடைவேளைக்கு முன்னால் சாவு, அப்புறம் நாயகன் கையில் அரிவாள்: இந்த வாய்ப்பாட்டில் எத்தனை தமிழ்ப் படங்களைக் குடும்பத்தோடு பார்த்திருக்கிறோம்! கதையில் சாவே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுப்படுவதற்குள் அவனுடைய ஆசை, தவறு, வருத்தம் எல்லாவற்றையும் இளங்கோவடிகள் நமக்குக் காட்டிவிடுகிறார். அதனால்தான் கண்ணகியின் கோபத்தோடு சேர்ந்து அவனுக்காகவும் நெஞ்சு வலிக்கிறது. அலெக்ஸாண்ட்ராவுக்கு என்ன ஆசை இருந்தது என்று அந்தக் காமிக்ஸைப் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அந்தக் காலம் என்றும் தள்ளிவிட முடியாது. 2014ல் கமலா கான் ‘மிஸ் மார்வெல்’ ஆகத் தனி இதழோடு வந்தாள். கராச்சியிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்துப் பெண். சாப்பாட்டு மேசையில் அம்மாவோடு வாக்குவாதம், வெளியே போக அப்பாவிடம் அனுமதி, அண்ணனின் அறிவுரை. ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ வளரும் நம் பெண் பிள்ளைகள் தங்கள் வீட்டையே அதில் பார்த்தார்கள். அவளை 2023ல் கொன்றார்கள், அதுவும் அவளுடைய சொந்த இதழில் இல்லை, ஸ்பைடர்மேன் இதழில். குத்துப்படும்போது அவள் ஸ்பைடர்மேனின் இன்னொரு காதலியான மேரி ஜேனின் உருவத்தில் இருக்கிறாள்! ஐம்பது வருடம் கழித்தும் அதே நாயகன், அவன் கையில் அதே மாதிரி ஓர் இளம்பெண்ணின் உடல். சில மாதங்களில் அவளை உயிர்ப்பித்துவிட்டார்கள், சரி. ஆனால் இழவு வீட்டில் நடுவே உட்கார வைக்கப்பட்டது யார்?

2022ல் நம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட பெண்கள் மேம்பாட்டு வெள்ளை அறிக்கை, மனப்போக்கு மாற வேண்டும் என்பதை ஒரு தனிப் பகுதியாகவே வைத்தது. மனப்போக்கு என்பது பிள்ளைகள் ஆசையாகத் திரும்பத் திரும்பப் படிக்கும் பக்கங்களிலும்தான் உருவாகிறது. ‘வெறும் காமிக்ஸ்தானே’ என்று நம் ஊரில் இனி யாரும் சொல்லவும் முடியாது. 2017ல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருதுகளில் மூன்றை வாங்கிய காமிக்ஸ் ஓவியர் சன்னி லியூ இங்கே வாழ்பவர்.

இந்தப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எடுத்தால் பிள்ளைகள் கைப்பேசியில் படிப்பார்கள், அப்போது பக்கத்தில் பெரியவர் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மாணவர் பக்கத்தில் கதைப் புத்தகங்களுக்கு எழுதுவது போலவே காமிக்ஸுக்கும் விமர்சனம் எழுதச் சொல்லுங்கள், அதைப் பிள்ளைகளே எழுதட்டும். நாயகன் என்ன செய்தான் என்பதோடு, அவனுடைய காதலிக்கு என்ன வேலை, அவள் என்ன விரும்பினாள், கதை அவளை எங்கே விட்டுவிட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தொடங்குவதற்கு மிஸ் மார்வெல் முதல் தொகுப்பு நன்றாக இருக்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, கிரெக் ருக்கா எழுதி 2019ல் தொடங்கிய ‘லோயிஸ் லேன்’ பன்னிரண்டு இதழ்கள் இருக்கின்றன. 1958 முதல் 1974 வரை ‘சூப்பர்மேனின் காதலி’ என்ற அடைமொழியோடு வந்த அதே லோயிஸ், இதில் செய்தியாளராகத் தன் வேலையைப் பார்க்கிறாள். முதல் விமர்சனத்தை என் அக்கா மகனிடமிருந்து வாங்கி அனுப்புகிறேன், குவென் ஸ்டேசியைப் பற்றி.

அன்புடன்,
வாசகி, ஈசூன்