கல்லும் வேண்டும், மரமும் வேண்டும்

அன்புள்ள செல்வம்,

நலமா? பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீடு மாறினோம். பழைய வீட்டுச் சுவருக்கெல்லாம் நாங்களே வெள்ளையடித்துக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் திரும்பி வரும் என்றார் வீட்டுக்காரர். மாலதிக்கும் எனக்கும் இன்னும் தோள்வலி போகவில்லை.

அம்மாவின் வருஷத் திதிக்குள் தோட்டத்தில் கிரானைட் மண்டபம் எழுப்பியே தீருவேன் என்று பெரியண்ணன் நிற்கிறார், நீ மரம்தான் என்கிறாய், இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். இதில் என் அபிப்பிராயம் வேறு கேட்கிறாய். எனக்கு உடனே ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்த காசெல் நகரம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே தெருவுக்குத் தெரு கல்லும் மரமும் ஜோடியாகத்தான் நிற்கின்றன.

யோசப் பாய்ஸ் என்ற சிற்பி 1982இல் தொடங்கிவைத்த வேலை அது. ஊர் நடுவே அருங்காட்சியகத்துக்கு எதிரில் இருக்கும் மைதானத்தில் 7000 பசால்ட் கற்களைக் குவியலாகக் கொட்டவைத்தார். எரிமலைக் குழம்பு ஆறும்போது தானாகவே பட்டை பட்டையாகப் பிளந்து தூணாக நிற்குமே, அந்தக் கல். ஒரு மரம் நட்டால்தான் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுக்கலாம். எடுத்த கல்லை அந்த மரத்தின் பக்கத்திலேயே நட வேண்டும். விதி இவ்வளவுதான். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று யாரும் அறிக்கை விட வேண்டியதில்லை, குவியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊர்க்காரர்கள் சும்மா விட்டார்களா? மைதானத்தைக் கெடுத்துவிட்டான், கார் நிறுத்த இடமில்லை என்று ஒரே புகார். கற்களுக்கு யாரோ ரோஸ் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனதும் உண்டு. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து அன்றைய ஜெர்மன் பணத்தில் 500 மார்க் நன்கொடை, கொடுத்தவர்களுக்கு ஒரு சான்றிதழ். அப்படியும் பணம் போதவில்லை. ரஷ்ய ஜார் மன்னரின் கிரீடத்தைப் போலச் செய்த ஒரு தங்கக் கிரீடத்தை மனுஷன் எல்லோர் முன்னிலையிலும் உருக்கி, முயல் பொம்மையாக வார்த்து விற்றார். கலைஞன் காசு புரட்டினால் இப்படித்தான் இருக்கும் போல!

இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் இந்த ஊரில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்துப்போனார்கள். பிறகு எழுந்ததெல்லாம் பெரும்பாலும் கான்கிரீட். பாய்ஸும் அந்தப் போரில் ஜெர்மன் விமானப்படையில் இருந்தவர்தான். ஓக் மரங்கள்தான் அதிகம் என்றாலும் லிண்டன், ஆஷ், மேப்பிள் என்று பலதையும் நட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னம் என்று யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் இங்கே நடக்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது.

இப்போது குடிவந்திருக்கும் தெருவில் எங்கள் வாசலுக்கு நேரே ஓர் ஓக் நிற்கிறது. கல் தரைக்கு மேல் நாலடி இருக்கும். வடக்குப் பக்கம் பாசி பிடித்து, உச்சியில் சிகரெட் அணைத்த கறையோடு. நட்ட காலத்துப் புகைப்படங்களில் கல்தான் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் முட்டுக்கொடுத்த குச்சியாக ஒரு கன்று. இன்றைக்கு மரத்தை நான் இரண்டு கையால் கட்டினாலும் கை எட்டாது. வேர் பருத்துக் கல்லை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது. கல் நட்ட அன்றைக்கு இருந்த அதே நாலடிதான்.

அதனால் அண்ணன் கேட்பதில் தப்பே இல்லை செல்வம். கல் இல்லாவிட்டால் அது யாருக்காக வைத்த மரம் என்று உன் பேரனுக்குத் தெரியாது. நம் ஆட்கள் நடுகல் நட்டதும் அதற்காகத்தானே? மண்டபம்தான் வேண்டாம் என்கிறேன். இடுப்பளவு ஒரு கல், அம்மா பெயர், அது போதும்.

இன்னொன்று சொன்னால் உனக்குச் சுருக்கென்று இருக்கும். மண்டபம் கட்டினால் கொத்தனார் கணக்கு முடிந்த அன்றைக்கே வேலை முடிந்தது. மரத்துக்கு முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், ஆடு வாய் வைக்காமல் வேலி வேண்டும். நீ இருப்பது கோயம்புத்தூரில். குடம் தூக்கப் போவது அண்ணனும் அண்ணியும்தான். பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்தபோது ஆயிரம் கற்களுக்கு மேல் மைதானத்திலேயே கிடந்தன. மிச்ச மரங்களை மற்றவர்கள் நட்டார்கள். கடைசி மரத்தை 1987இல் அவருடைய மகன், முதல் மரத்துக்குப் பக்கத்திலேயே நட்டார். உன் மரத்தை வளர்க்கப் போகிறவரிடம் நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

வேம்பு வையுங்கள். உங்கள் செம்மண்ணுக்கு அதுதான் சரி. கல்லை மட்டும் இங்கே மாதிரி அடிமரத்தை ஒட்டி வைக்காதே, நாலைந்து அடி தள்ளி இருக்கட்டும். ஆடி மழை பார்த்து நட்டால் நல்லது. அதற்கு முன்னால் அண்ணனுக்குப் போன் போடு.

அப்புறம், நாங்கள் டிசம்பரில் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அண்ணியிடம் நார்த்தங்காய் ஊறுகாய் சொல்லிவை.

அன்புடன்,
முரளி