ஆறு நாளில் ஏறாத துருவுக்கு அறவிடப்பட்ட பணம்: மோட்டார் வீட்டு வாகன வாடகை தொடர்பான முறைப்பாடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
2025 புரட்டாதி 15

முகாமையாளர் அவர்கள்,
சுற்றுலா வாகன வாடகை நிறுவனம்,
யாழ்ப்பாணம்.

ஐயா,

பிணைப்பணத்திலிருந்து 92,500 ரூபா நியாயமின்றிக் கழிக்கப்பட்டமையும் வாகனத்தின் குறைபாடுகளும் தொடர்பாக

கடந்த ஆவணி 24ஆம் திகதி தொடக்கம் 29ஆம் திகதி வரையான ஆறு நாட்களுக்குத் தங்களிடம் சாரதியுடன் வாடகைக்குப் பெற்ற மோட்டார் வீட்டு வாகனம் தொடர்பாக இம்முறைப்பாட்டை எழுதுகிறேன். நாளொன்றுக்கு 45,000 ரூபா வீதம் 270,000 ரூபா வாடகையையும் 150,000 ரூபா பிணைப்பணத்தையும் வாகனத்தைப் பொறுப்பேற்பதற்கு முன்னரே தங்கள் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டிருந்தேன். வாகனத்தை ஒப்படைத்துப் பதினொரு நாட்களின் பின்னர் பிணைப்பணத்தில் 57,500 ரூபா மட்டும் திரும்பி வந்தது. மிகுதி ஏன் வரவில்லை என்று கேட்டபோது வட்ஸ்அப்பில் மூன்று வரிக் குறிப்பொன்றை அனுப்பினீர்கள். கடல்நீரால் ஏற்பட்ட துருவை அகற்ற 48,000 ரூபா, வெளிப்பந்தல் கிழிந்தமைக்கு 32,500 ரூபா, கழிவுத் தொட்டியைத் துப்புரவாக்க 12,000 ரூபா என்பதே அதில் இருந்த முழு விளக்கமும். இம்மூன்றில் ஒன்றுகூட எங்களால் நேர்ந்ததல்ல.

என் தங்கை கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் நீண்ட காலத்தின் பின்னர் கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தாள். திருவிழா முடிந்த கையோடு, அவர்களுடைய பாடசாலை விடுமுறை முடிவதற்குள், காரைநகர் கசூரினா தொடங்கிக் கீரிமலை, பருத்தித்துறை, மணற்காடு என்று குடாநாட்டின் கரையைப் பார்த்துவிட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாக மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் போய்வர எண்ணியிருந்தோம். அறுவர் உறங்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம், இரண்டு இரவுகள் வெளி மின்சாரமின்றியே தங்கலாம் என்று தங்கள் விளம்பரத்தில் இருந்ததை நம்பியே விடுதி அறைகள் எதையும் பதிவு செய்யாமல் புறப்பட்டோம்.

முதலில் துருவை எடுத்துக்கொள்கிறேன். தொகையும் அதற்கே பெரிது, குற்றச்சாட்டும் அதிலேதான் பாரதூரமானது. வாகனத்தை நாங்கள் கடல்நீரில் இறக்கியதாகவும் அதனால் பின்படியும் அதைத் தாங்கும் சட்டகமும் துருப்பிடித்ததாகவும் தங்கள் குறிப்பு கூறுகிறது. நான் முப்பத்தொரு ஆண்டுகள் பாடசாலைகளில் இரசாயனவியல் கற்பித்தவன். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்பதையும், உப்பு மின்பகுபொருளாக நின்று அதை விரைவுபடுத்தும் என்பதையும் ஆணியும் சோதனைக் குழாயும் வைத்து எத்தனையோ வகுப்புகளுக்குக் காட்டியிருக்கிறேன். உப்புநீர் பட்ட ஆணியில் ஓரிரு நாட்களிலேயே செம்மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விரலால் துடைத்தால் விரலோடு வந்துவிடும். தங்கள் வாகனத்தின் பின்படியில் இருந்ததோ கருங்கபில நிறத்தில் ஏடு ஏடாகக் கிளம்பி, தட்டினால் செதிள் செதிளாக உதிரும் துரு. அதன்மேல் யாரோ கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், அந்தப் பெயின்றும் கொப்புளித்து வெடித்திருக்கிறது. துரு, தான் உண்டாகிய இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பதனாலேயே மேலே பூசிய பெயின்ற் அப்படி வெடிக்கிறது. பெயின்றுக்கு அடியிலிருந்து பொங்கி வந்த துரு, பெயின்ற் அடிப்பதற்கு முன்னரே அங்கே குடியிருந்த துரு. அது இரண்டு மூன்று மாரியாவது கண்டிருக்கும்.

இதை என் படிப்பை மட்டும் நம்பி எழுதவில்லை. கனடாவில் வாகனம் வாடகைக்கு எடுப்பவர்கள் பொறுப்பேற்கும்போதே அதைச் சுற்றி நடந்து காணொளி எடுத்து வைப்பார்களாம். அந்தப் பழக்கத்தில் என் மைத்துனர் 24ஆம் திகதி காலை 7.40 மணிக்குத் தங்கள் வளவில் வைத்தே வாகனத்தின் நாற்புறத்தையும் படம்பிடித்திருக்கிறார். பின்படி அதில் தெளிவாகத் தெரிகிறது. படியைக் காட்டி அவர் கேட்ட கேள்விக்குத் தங்கள் பணியாளர் சொன்ன மறுமொழியும் அதில் பதிவாகியிருக்கிறது: "அது பழைய கறள், அதைப் பெரிசா எடுக்காதேங்கோ." நாங்களும் பெரிசாக எடுக்கவில்லை. நிறுவனந்தான் பின்னர் அதை 48,000 ரூபா அளவுக்குப் பெரிசாக எடுத்துக்கொண்டது. மேலும், ஆறு நாளும் வாகனத்தை ஓட்டியவர் தங்கள் சாரதி. கசூரினாவிலும் மணற்காட்டிலும் தார் வீதியை விட்டு வாகனத்தை இறக்கக்கூடாது என்று அவர் உறுதியாக நின்றார், நாங்களும் மணலில் நடந்தே போய்வந்தோம். கடல்நீரில் இறங்கிய வாகனம் எதுவென்று அவரிடம் கேட்டிருந்தாலே இந்தக் கழிவு எழுதப்பட்டிருக்காது.

அடுத்தது மின்சாரம். எங்கள் பயணத்தை உண்மையில் குலைத்தது இதுவே. முதல் இரவு கசூரினாக் கரைக்கு அருகே தங்கியபோது பதினொரு மணியளவில் மின்விசிறிகள் தளர்ந்து, விளக்குகள் மங்கி, குளிர்சாதனப்பெட்டியும் நின்றுபோனது. சாரதி இருக்கைக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வீட்டுப் பகுதிக்கான பற்றரியாக உள்ளே இருந்தது லொறிகளை ஸ்ராட் செய்யப் பயன்படும் சாதாரண பற்றரி. இவ்விரு வகையும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம், வேலை ஒன்றல்ல. எஞ்சினைக் கிளப்பும் பற்றரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில வினாடிகளுக்குப் பெருமளவு மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மீண்டும் நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. இரவு முழுவதும் சிறிது சிறிதாக வடித்தெடுத்தால் அத்தகடுகளில் ஈயசல்பேற்றுப் படிகங்கள் தடித்து, பற்றரி விரைவிலேயே செத்துவிடும். உறங்கும் வாகனத்துக்குத் தடித்த தகடுகள் கொண்ட, ஆழமாக வடித்தெடுக்கத் தகுந்த பற்றரிதான் பொருத்த வேண்டும்.

ஒரு கணக்கையும் பாருங்கள். பெட்டியிலிருந்த பற்றரியில் 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி என்று எழுதப்பட்டிருந்தது. அது புத்தம் புதியதாகவே இருந்தாலும் பாதிக்கு மேல் வடித்தால் கெட்டுவிடும் ஆகையால் பயன்படக்கூடியது ஏறத்தாழ 50 அம்பியர்-மணி. குளிர்சாதனப்பெட்டி, இரண்டு மின்விசிறிகள், விளக்குகள், நீர்ப்பம்பி எல்லாமாகச் சராசரியாக 6 அம்பியர் எடுத்தால் மாலை ஆறு மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை 72 அம்பியர்-மணி வேண்டும். ஆகவே இரண்டு இரவுகள் என்று விளம்பரப்படுத்திய வாகனம் ஓர் இரவுக்கும் போதாது. அடுத்த நாள் காலை சாரதியின் மீற்றர் 10.9 வோல்ற்றைக் காட்டியது. நிரம்பிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று அளவில் நிற்க வேண்டும். அலுவலகத்துக்கு அழைத்தபோது, இரவில் ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிடுமாறு கூறினார்கள். குழந்தைகள் படுத்திருக்கும் வாகனத்தில், யன்னல்கள் திறந்திருக்க, டீசல் புகைக்கு நடுவே இதைச் செய்யச் சொன்னவர் ஒருமுறையேனும் அதில் படுத்துப் பார்த்தவராக இருக்க முடியாது. 26ஆம் திகதி முழுவதையும் சாவகச்சேரியில் ஒரு கராஜின் வாசலில் கழித்தோம். அன்று பூநகரி வழியாக மன்னாருக்குப் போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

என் மனைவி இன்சுலின் பாவிப்பவர். பாவனையில் உள்ள போத்தலைத் தவிர மேலதிகமாகக் கொண்டுசென்ற மூன்று போத்தல்களும் 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டியவை. குளிர்சாதனப்பெட்டி இருப்பதை உறுதிசெய்த பின்னரே அவற்றை எடுத்துச் சென்றோம் என்பதைத் தங்கள் பதிவு மேசையில் இருந்தவர் அறிவார், ஏனெனில் அவரிடம் அதை நேரில் கேட்டவன் நான். பனிக்கட்டிக்குள் நேரடியாக வைத்தால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடும். ஆகவே காரைநகரில் மண்முட்டி ஒன்றை வாங்கி, அதற்குள் போத்தல்களை வைத்து, ஈரத்துணியால் சுற்றிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்ற மிகப் பழைய முறை, அந்நாட்களில் தங்கள் இயந்திரத்தைவிட நன்றாகவே வேலை செய்தது. எனினும் அது 8 பாகைக்குக் கொண்டுவரப் போதியதல்ல. திரும்பி வந்ததும் வைத்தியரின் அறிவுரைப்படி மூன்றையும் கைவிட்டோம். அவற்றின் விலையை நான் கேட்கவில்லை.

வெளிப்பந்தல் தலைமன்னாரில் 27ஆம் திகதி பிற்பகல் கிழிந்தது உண்மை. அதை விரித்தவர் சாரதி. விரிக்குமாறு எழுதியிருப்பது தங்கள் கைநூல். கட்டுவதற்கு இருக்க வேண்டிய நான்கு முளைகளில் இரண்டு பெட்டியில் இல்லை, துணியின் தையலோ வெயிலில் உக்கி விரலால் இழுத்தாலே அறுந்தது. அதைவிட முக்கியமாக, ஆவணியில் மன்னார்த் தீவில் சோளகக் காற்று எப்படி வீசும் என்பது அங்கு வாகனம் அனுப்புகின்ற நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இலங்கை மின்சார சபை அந்தத் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளை நட்டு, 103.5 மெகாவாற்று கொள்ளளவில் தம்பபவனி மின்நிலையத்தை அமைத்திருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். அக்காற்றில் பந்தல் விரிக்கலாமா என்று கைநூலில் ஒரு சொல்லும் இல்லை.

கழிவுத் தொட்டியைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆயினும் எழுதாமல் விட முடியாது. 20 லீற்றர் கொள்ளும் அத்தொட்டி வெறுமையாக ஒப்படைக்கப்பட்டதாக நான் ஒப்பமிட்ட படிவத்தில் உள்ளது. முதல் மாலையே அதன் நிறைவுகாட்டி சிவப்பில் நின்றது. முன்னையவர்களின் கழிவோடு வாகனம் எங்களிடம் தரப்பட்டிருக்கிறது. வழியிலுள்ள விடுதிகளில் தொட்டியை வெறுமையாக்க ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது என்று தாங்கள் கூறியிருந்தீர்கள். தாங்கள் பெயர் தந்த விடுதிக்கு மன்னாரில் போய்க் கேட்டபோது அப்படியொரு ஒழுங்கைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சாரதி தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். மறுமுனையில் சொன்னது இது: "இருட்டினாப் பிறகு எங்கையாவது வெளியிலை ஊத்திவிடுங்கோ."

எங்கே ஊற்றுவது? யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே கொட்டுவது வெடிப்புகளின் வழியே இறங்கி அடுத்த வளவுக் கிணற்றில் போய்ச் சேரும், அந்தக் கிணற்றைத் தவிரக் குடிக்க வேறு நீரில்லாத வீடுகள் இன்னமும் இங்கே உண்டு. மன்னார்க் கரையிலோ வாடிகளின் முன் வலை விரித்திருக்கிறது, பக்கத்தில் கருவாடு காய்கிறது. ஊர் பார்க்க வந்தவன் அடுத்தவன் பிழைப்பின்மேல் தன் கழிவை ஊற்றிவிட்டுப் போவதற்குப் பெயர் சுற்றுலா அல்ல. ஆகவே 28ஆம் திகதி அரை நாளுக்கும் மேல் காத்திருந்து, கழிவகற்றும் பவுசர் ஒன்றை ஒழுங்குசெய்து, 7,500 ரூபா செலுத்தித் தொட்டியை முறையாக வெறுமையாக்கினோம். அன்று பார்க்கவிருந்த அரிப்புக் கோட்டையும், கடலரிப்பால் இடிந்துகொண்டிருக்கும் அல்லிராணி மாளிகையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பின்னர் அதே தொட்டியைத் துப்புரவாக்க 12,000 ரூபாவைக் கழித்திருக்கிறீர்கள்.

விளம்பரத்தில் வங்காலைப் பறவைகள் சரணாலயத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் என்று ஒரு படமும் உண்டு. அவை பெருங்கூட்டமாக வருவது வாடைக்காலத்தில். ஆவணியில் புறப்படுகின்றவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி முற்பணம் வாங்குவது நேர்மையல்ல. என் மருமகள் தொலைநோக்கியுடன் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கள் சாரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பிக்குப் படுப்பதற்கு வாகனத்தில் இடமில்லை. இரண்டு இரவுகள் ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து கிடந்தார், பின்னர் நாங்கள் ஒரு பாயும் நுளம்பு வலையும் வாங்கிக் கொடுத்தோம். அவர் பொறுமையாகவும் உண்மையாகவும் நடந்தார். இக்கடிதத்தில் அவர் எங்களுக்குத் தெரியப்படுத்தியவை இருப்பதனால் அவருக்கு எவ்வித தண்டனையும் நேரக்கூடாது என்பதை அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கோருவது இவ்வளவே. பிணைப்பணத்தில் கழித்த 92,500 ரூபா, வாகனத்தின் குறைபாட்டால் இழந்த 26ஆம், 28ஆம் திகதிகளுக்கான வாடகை 90,000 ரூபா, பவுசருக்குச் செலுத்திய 7,500 ரூபா, ஆக மொத்தம் 190,000 ரூபாவைப் புரட்டாதி 30ஆம் திகதிக்கு முன்னர், நான் எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினேனோ அதே கணக்குக்கு மீளச் செலுத்துங்கள். வழங்கப்படும் சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் இருக்க வேண்டும் என்பதும், அதற்காகத் தரப்படும் பொருள் நோக்கத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளவை. குறித்த திகதிக்குள் எழுத்து மூலமான பதில் கிடைக்காவிடின் காணொளி, படிவத்தின் பிரதி, பவுசர் பற்றுச்சீட்டு ஆகியவற்றுடன் அச்சபைக்கு முறைப்பாடு செய்வேன். வட்ஸ்அப் குறிப்பைப் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பின்படியை இதற்குள் சுரண்டிப் பெயின்ற் அடித்திருந்தாலும் பரவாயில்லை, காணொளியின் மூலப் பிரதி என் மைத்துனரிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுநிலை இரசாயனவியல் ஆசிரியர்