கார்ன்வாலிஸ் கொடுக்காத வாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'யார்க்டவுனில் வாஷிங்டனிடம் வாளைக் கொடுத்துச் சரணடைந்தவர், தமிழகத்துக்கு வந்து ஜமீன்தாரி முறையைத் திணித்தார்.' ஒரே வரியில் இரண்டு தப்பு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் தோற்ற அவர், 1781 அக்டோபர் 19 அன்று சரணடையும் இடத்துக்கே வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தன் துணைத் தளபதி ஓஹாராவை அனுப்பினார். ஓஹாரா முதலில் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் போக, அவர் வாஷிங்டனைக் கைகாட்ட, வாஷிங்டனோ தனக்கு அடுத்த நிலையிலிருந்த பெஞ்சமின் லிங்கனிடம் அனுப்பிவைத்தார். தோற்றவர் முகம் காட்டாததுதான் அன்றைய கதையே. அதைத்தான் மாற்றி எழுதிவிட்டீர்கள்.

ஜமீன்தாரி விஷயம் இன்னும் வலிக்கிறது. ஜமீன்தார்கள் அரசுக்குக் கட்டும் நிலவரியை மாறாத தொகையாக்கிய நிரந்தரத் தீர்வையை அவர் 1793இல் கொண்டுவந்தது வங்காளத்தில். சென்னை மாகாணத்துக்கு அது சட்டமாக வந்தது 1802இல், எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்தபோது. அந்த ஆண்டு கார்ன்வாலிஸ் பிரான்சில் அமியான் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகால் 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியதும், கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குடியானவர்களிடமே நேராகத் தீர்வை வசூலித்தார்கள், சிறு ஜமீன் போன்ற மிட்டா வந்தது அதற்கு அப்புறம்தான். என் தாத்தா மிட்டாதாருக்குக் கிஸ்தி கட்டிய ரசீதுகளை அம்மா தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த சங்கதி இல்லை.

அவருக்கு வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. திப்புவின் பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கேட்டது போதாதென்று, பத்து வயதும் எட்டு வயதுமாக இருந்த இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவர். இந்தியர்களுக்கு உயர்பதவி கிடையாது என்று கதவைச் சாத்தியவரும் அவர்தான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய சிலையின் பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை சுற்றுலா கூட்டிப் போனபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அந்தப் பசங்க ஏன் மிஸ் அங்க நிக்கிறாங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே ஐயா. செய்யாததைத் தலையில் கட்டிவிட்டு, செய்ததை விட்டுவிட்டீர்கள்.

இரண்டு வருடம் முன்பு திண்டுக்கல்லை மைசூர்ப் போர் வரைபடத்தில் காவிரிக்கு வடக்கே போட்டிருந்தீர்கள். எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன், அப்போதும் இல்லை. வாசகர் பக்கமும் இப்போது அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. முப்பத்தொரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவள், முதல் இதழிலிருந்து சந்தா கட்டுகிறவள், என் கடிதத்துக்கு அந்த மதிப்புகூட இல்லையா?

என்னிடம் படித்த பெண் போட்டித் தேர்வுக்கு உங்கள் கட்டுரைகளை வெட்டி நோட்டில் ஒட்டிப் படிக்கிறாள். இந்த வரியையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். அவளுக்காகவாவது அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். வெட்டி ஒட்டும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கிருஷ்ணகிரி மாவட்டம்