முன் பேரிங்கா, பின் பேரிங்கா?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பதினோரு நொடி ஒலிப்பதிவு வந்து சேர்ந்தது. கீழே ஒரு வரியாவது இருக்கும் என்று மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை. நான்கு மாதம் கழித்து உன்னிடமிருந்து வந்தது அந்தச் சத்தம்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏழெட்டு முறை கேட்டேன்.

நம் பழைய ரிமோட் காரின் மோட்டார் சத்தம் அது. கெட்டுப்போனது, மோட்டாரின் சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் குண்டு வளையம், அதாவது பேரிங்தான். சந்தேகமிருந்தால் மோட்டாரைக் கியரிலிருந்து விலக்கி வைத்து, ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பார். அப்போதும் கரகரவென்று இருந்தால் கியர் மேல் பழி இல்லை. முதல் ஏழு நொடி காய்ந்த பேரிங்கின் கீச்சு. எட்டாவது நொடியில் கீச்சு அடங்கி டகடக என்று மாறுகிறது, கேட்டாயா? குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூண்டு அங்கே உடைந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூண்டு போனால் குண்டுகள் ஒரு பக்கம் குவியும், ஷாஃப்ட் சாயும், அதோடு சுற்றும் காந்தமான ரோட்டர், வெளியே அசையாமல் நிற்கும் காயில் கூடான ஸ்டேட்டரில் உரசும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் கிடையாது. அதனால் இனி ஒரு சுற்றுகூட ஓட்டாதேம்மா.

ஒன்பதாவது நொடியில் பின்னால் யாரோ இருமுகிறார்கள். நீயா என்று தெரியவில்லை.

கழற்றுவதற்கு முன் மார்க்கரால் முன் மூடி, உடல், பின் மூடி மூன்றையும் சேர்த்து ஒரு கோடு போடு. ரோட்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் சென்சார் போர்டு பின் மூடியில்தான் இருக்கிறது. அது சில டிகிரி திரும்பினாலே டைமிங், அதாவது காயில்களுக்கு மின்சாரம் போகும் நேரம், மாறிவிடும். சென்சார் மோட்டாரில் அந்தக் கோடு இல்லாமல் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. பிறகு ஷாஃப்டின் முனையிலிருக்கும் சின்னப் பல்சக்கரம், பினியன். அதை இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ எம்3 என்றால் 1.5 மி.மீ. அலன் கீ. முனை மழுங்கிய கீயால் முயலாதே, ஸ்க்ரூவின் குழி வட்டமாகிவிடும். திரெட்லாக் பசை இறுகியிருந்தால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் குழியில் அரை நிமிடம் வை, தானாக இளகும். ஷாஃப்டையே சூடாக்காதே. அந்தச் சூடு நேரே காந்தத்துக்குப் போகும். நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகம் 80 டிகிரியிலேயே வலுவிழக்கத் தொடங்கும். நல்ல ரகம் 150 வரை தாங்கும். உன் ரோட்டரில் இருப்பது எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பின் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் மூடி சுலபமாக வரும். ரோட்டர் அப்படி வராது. ஸ்டேட்டர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், விட்டதும் ஒரேயடியாக வெளியே பாயும். விரலை நடுவில் வைக்காதே. எடுத்த ரோட்டரை மரப்பலகை மேல், சுத்தமான துணியில் வை. தாத்தாவின் வைஸ் மாதிரி இரும்புச் சாமான் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேசையில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் இருந்தாலும் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒட்டியதைத் துணியால் துடைத்தால் இடம் மாறுமே தவிர, போகாது. டேப்பின் ஒட்டும் பக்கத்தை அழுத்தி அழுத்தி எடு.

ரோட்டர் வெளியே வரும்போது ஷாஃப்டின் இரு பக்கமும் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, என்ன தடிமன் என்று எழுதி வை. ஒரு படமும் எடுத்து வை. பேரிங்கை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். முன்னால் இருந்த ஷிம் பின்னால் போனால் ரோட்டர் ஸ்டேட்டரின் நடுவில் நிற்காது. ஸ்டேட்டர் அதை நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த இழுவை முழுவதையும் புதுப் பேரிங் பக்கவாட்டில் தாங்க வேண்டியிருக்கும். சென்சாருக்கும் காந்தத்துக்கும் உள்ள தூரமும் மாறி, புறப்படும்போது வண்டி திக்கும்.

இப்போது ரோட்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். மேலே சுற்றியிருக்கும் கெவ்லார் நூலோ கார்பன் உறையோ உரசி வெறுமனே பளபளப்பாகியிருந்தால் பரவாயில்லை. நூல் பிரிந்திருந்தால், உறை வெடித்திருந்தால், காந்தத்தில் விரிசல் தெரிந்தால் அந்த ரோட்டர் வேண்டாம். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. 3500 கேவி மோட்டார் 8.4 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,000 சுற்றுக்கு மேல் போகும். பிரிந்த நூல் அந்த வேகத்தில் காந்தத்தைக் கட்டி நிறுத்தாது. பசை போட்டு ஒட்டி ஒப்பேற்ற நினைக்காதே. ஷாஃப்டைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார், வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும்.

ஸ்டேட்டரில் மூன்று சோதனை. மல்டிமீட்டரை அதிகபட்ச ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு வயரையும் மோட்டார் உடலோடு தொட்டுப் பார். எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் காயிலின் எனாமல் உரிந்திருக்கிறது. வயருக்கும் வயருக்கும் இடையே மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் அவ்வளவு குறைவு, அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதே. மற்ற இரண்டையும் மோட்டாரைப் பூட்டிய பிறகு கையால்தான் செய்ய வேண்டும். இரண்டிரண்டு வயராகச் சேர்த்துப் பிடித்து ஷாஃப்டைத் திருப்பு. மூன்று ஜோடிக்கும் ஒரே மாதிரி தடை இருக்க வேண்டும். பிறகு மூன்றையும் தனித்தனியே விட்டுத் திருப்பு. காந்தத்தின் தட்டுத் தட்டு மட்டும் தெரிந்தால் சரி. தேனுக்குள் திருப்புவது போல விடாத ஒரு இழுப்பு இருந்தால், உள்ளே சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கிறது. அந்த ஸ்டேட்டரைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது பழைய பேரிங்கை எடுப்பது. மூடிக்குள் ஒரு பக்கம் தோள் மாதிரி மேடு இருக்கும். மேடு இல்லாத பக்கமாகத்தான் பேரிங் வெளியே வரும். சிலவற்றில் சின்ன வளையக் கிளிப்பும் இருக்கும், முதலில் அதைக் கழற்று. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் மூடியை மட்டும் ஹீட் கன்னில் காட்டி, தண்ணீர்த் துளி பட்டால் சீறும் சூட்டுக்குக் கொண்டுவந்து மரப்பலகையில் தட்டினால் பல சமயம் பேரிங் தானே விழும். பின் மூடியாக இருந்தால் சென்சார் போர்டை முதலில் எடுத்துவிடு. அதன் வயர்களும் சால்டர் புள்ளிகளும் மெல்லியவை. போர்டில் படிந்த அழுக்குக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் போதும். தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதே.

கூண்டு உடைந்த பேரிங்கில் உள்வளையம் மட்டும் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. சின்ன புல்லர் வைத்து இழு. அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரோட்டரை முழுக்க டேப் சுற்றி மூடிவிட்டு அறு. இல்லையென்றால் அறுத்த தூள் முழுவதும் காந்தத்தில்தான் போய் ஒட்டும்.

புதுப் பேரிங் வாங்கும்போது கண்ணை நம்பாதே, வெர்னியரை நம்பு. 540 அளவு மோட்டாரில் ஷாஃப்ட் 3.175 மி.மீ. பலவற்றில் இருப்பது ஆர்2 பேரிங்: உள்விட்டம் 3.175, வெளிவிட்டம் 9.525, அகலம் 3.967. அதன் பக்கத்தில் 3×10×4 பேரிங்கை வைத்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஷாஃப்டில் ஏறாது. ஏறவில்லை என்று ஷாஃப்டைத் தேய்த்துவிடாதே. பெரிய வண்டிகளின் மோட்டாரில் ஷாஃப்ட் 5 மி.மீ., அது வேறு கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்று, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும். செராமிக் குண்டு வைத்தது வேண்டுமா என்றால், தேவையில்லை என்பேன். குண்டு துருப்பிடிக்காது, ஆனால் அது ஓடும் வளையம் எஃகுதான்.

மூடிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்து. வெளிவிட்டத்துக்குச் சமமான பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட் ஒன்றை வைத்து, வைஸில் மெல்லத் திருகினால் போதும். ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போகும், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி விழும். புதுப் பேரிங் மூன்றே நாளில் கத்துவது இதனால்தான். சுத்தியல் வேண்டாம். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சுத்தியல் வேண்டாம்.

எண்ணெய் ஒரு துளி, மெல்லிய பேரிங் ஆயில். இரண்டாவது துளி சென்சார் போர்டில் தெறிக்கும், தூசியை வரவழைக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய் என்று நினைத்து அடிக்காதே. அது உள்ளே இருக்கும் நல்ல எண்ணெயைக் கழுவிவிட்டு ஆவியாகிவிடும்.

ஷிம்களை எழுதி வைத்தபடி போட்டு, ரோட்டரை நேராக இறக்கு. கடைசி ஒரு அங்குலத்தில் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். விரலைப் பார்த்துக்கொள். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. முடித்ததும் ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார். 0.1 முதல் 0.3 மி.மீ. வரை அசைவு வேண்டும். அசைவே இல்லையென்றால் சூடானதும் இறுகிப் பிடிக்கும்.

வண்டியில் பூட்டும் எம்3 ஸ்க்ரூவின் நீளத்தையும் பார். மோட்டார் மூடிக்கு உள்ளே அதன் முனை நீண்டால் காயிலைக் குத்தும். புதுப் பேரிங் போட்டு அன்றைக்கே மோட்டார் எரிந்துபோவதற்கு இந்தக் கூடுதல் இரண்டு மில்லிமீட்டர் போதும்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பினியனுக்கும் அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே மெல்லிய தாளைக் கொடுத்து, மோட்டாரை நெருக்கிப் பூட்டிவிட்டுத் தாளை உருவி எடுக்க வேண்டும். இது உனக்கே தெரியும். ஆனால் ஸ்பர் கியர் ஒருபோதும் முழு வட்டமாக இருக்காது. ஓரிடத்தில் சரியாக வைத்தால் எதிர்ப்பக்கம் இறுகும். ஆகவே சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நாலைந்து இடத்தில் ஆட்டிப் பார்த்து, அதிகம் இறுகும் இடத்தில்தான் தாளை வைக்க வேண்டும். இறுகின பல் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்டை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தச் சுமையில் பெரும்பங்கு முன் பேரிங்குக்கு. பின் பேரிங்குக்குக் கொஞ்சம்தான்.

அந்த மழை நாள் விஷயம். தண்ணீரில் ஓட்டிக் கெடுத்துவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். முந்தின ராத்திரி மெஷ், அதாவது இந்தப் பல் இடைவெளி, வைத்தது நான். ஒரே ஒரு இடத்தில் தாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோனேன். சத்தம் வேறு மாதிரி இருக்கிறதுப்பா என்று காலையில் நீ சொன்னாய், கியர் புதுசு அப்படித்தான் இருக்கும் என்றேன். பிறகு மோட்டாரைத் திறந்தபோது முன் பேரிங் சுக்குநூறாகியிருந்தது, பின் பேரிங் வழுவழுவென்று சுற்றியது. ஒரு புள்ளி துருகூட இல்லை. தண்ணீர் போயிருந்தால் இரண்டும் போயிருக்கும். ஸ்பர் கியரில் பாதி வட்டத்துப் பற்கள் மட்டும் தேய்ந்து மின்னின. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அப்போது உனக்கு 14 வயது. அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் பழுது பார்க்கக் கொண்டுவரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையதும்மா.

பூட்டியதும் பினியன் இல்லாமல் அரை நிமிடம், கால் பங்கு த்ராட்டிலுக்கு மேல் போகாமல் சுற்ற விடு. சுமையில்லாமல் முழு த்ராட்டில் கொடுக்காதே. பிறகு வண்டியில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுச் சூட்டைப் பார். 70 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 80 தொட்டால் நிறுத்து. முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் இழுவை இல்லை, சீக்கிரம் சூடாகிறது என்றால் காந்தம் வலுவிழந்திருக்கிறது, ரோட்டரை மாற்ற வேண்டும். கேவி ஏறினால் நல்லதுதானே என்று ஏமாந்துவிடாதே.

அம்மா நன்றாக இருக்கிறாள். தம்பி எழுதுவதாகச் சொன்னான்.

இதையெல்லாம் நீயே செய்வாய் என்று தெரியும். என்னைவிடப் பொறுமையான கை உனக்கு. அந்தப் பழைய வண்டியை இன்னும் வைத்திருக்கிறாய் என்பதே அந்தச் சத்தம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மோட்டாரைத் திறந்ததும் முன் பேரிங்கா, பின் பேரிங்கா என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு. அந்த இருமல் உன்னுடையதா என்பதையும் எழுது.

அப்பா

பி.கு.: ரோட்டரை இறக்கும்போது விரல். ஷிம்மை எழுதி வைத்துக்கொள்ள மறக்காதே.