திருவிழா மேடையில் கித்தார் இரைச்சல்: பெடல் இணைப்பைத் திட்டமிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரிகளின் ஒலித்தரம் குறைந்துவருவதாகத் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கித்தாரின் கரகரப்புக்கும் இரைச்சலுக்கும் மலிவான கருவிகளே காரணம் என்று அவர் கூறியிருப்பதை, இம்மேடைகளில் நெடுங்காலமாகக் கித்தார் வாசித்துவருபவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. கித்தாரின் ஒலியை மாற்றக் காலால் இயக்கும் விலை உயர்ந்த பெடல்களைப் பெங்களூரு சென்று வாங்கிவரும் இளைஞர்களின் வாசிப்பிலும் அதே இரைச்சல் கேட்கிறது. எந்தப் பெடலுக்குப் பின் எது வர வேண்டும், பாட்டின் நடுவே எதை எதைக் காலால் மாற்ற வேண்டும் என்பதை வாங்கும் முன்பே ஒரு தாளில் வரைந்து பார்க்காததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

இந்தத் திட்டம் பாடல் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிசைக் குழுவின் கித்தார் கலைஞர் எண்பதுகளின் பாடலுக்குக் கோரஸ் (பல கித்தார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோன்ற விளைவு) கலந்த தெளிந்த நாதத்தையும், அடுத்த பாடலுக்கு டிஸ்டார்ஷன் எனும் கரடுமுரடான ஒலியையும் தர வேண்டியவர். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் நொடியில் கோரஸை நிறுத்தி, ஓவர்டிரைவை (மென்மையான டிஸ்டார்ஷன்) இயக்கி, எதிரொலி தரும் டிலேயையும் சேர்க்க மூன்று ஸ்விட்ச்சுகளை மிதிப்பது ஒரு காலால் ஆகக்கூடிய காரியமன்று. இதற்காகவே லூப் ஸ்விட்ச்சர் இருக்கிறது. ஒவ்வொரு பெடலும் அதில் தனி வழியாக இணைக்கப்படுவதால், வேண்டிய சேர்க்கையை முன்கூட்டியே பதிவுசெய்து ஒரே மிதியில் வரவழைக்கலாம். பயன்படாத பெடல்கள் ஒலியின் பாதையிலிருந்தே விலகி நிற்கும். ஆனால் டிலேயை அப்படி விலக்கினால் எதிரொலியின் வால் பட்டென்று அறுந்துவிடும். பாடகரின் குரலுக்குள் அந்த வால் மெல்லத் தேய்ந்து மறைய வேண்டுமானால், டிலேயை ஸ்விட்ச்சருக்குப் பின்னால் வைத்து, எதிரொலியைத் தொடரவிடும் வசதி அந்தப் பெடலில் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டியூனர் (சுருதி சேர்ப்பது), வா (‘வா-வா’ என ஒலியை வளைப்பது), ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப் (அரங்கத்தின் முழக்கம் தருவது) என்பது வழக்கமான வரிசை. இது மாற்றக்கூடாத விதியன்று. ஆயினும் டிலேக்குப் பின்னால் டிஸ்டார்ஷனை வைத்தால் எதிரொலிகள் அனைத்தும் ஒன்றாக நசுங்கி, வாசகர் குறிப்பிட்ட அந்தக் கரகரப்பு வந்துவிடும். வால்யூம் பெடலை டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் டிஸ்டார்ஷனின் கடுமை மாறும். பின்னால் வைத்தால் ஒலி அளவு மட்டும் மாறும். பாடகருக்குத் துணை வாசிப்பவருக்குப் பின்னதே பொருந்தும்.

கேபிளின் நீளத்தைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை. ஒரு மீட்டர் கேபிளுக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. எல்லாப் பெடல்களும் ட்ரூ பைபாஸ் (அணைத்திருக்கும்போது ஒலியை மின்சுற்று வழியாக அன்றி நேரே கடத்தும்) வகையாக இருந்து, கித்தாரிலிருந்து மிக்சர் வரை கேபிள் நீண்டால், மேல்ஸ்தாயியின் துலக்கம் மங்கிவிடும். பாதையின் தொடக்கத்தில், நீண்ட கேபிளிலும் ஒலி மங்காமல் காக்கும் பஃபர் என்ற மின்சுற்று இருந்தால் இது பெரிதும் சரியாகும். பாஸ் நிறுவனத்தின் பெரும்பாலான சிறு பெடல்களில் பஃபர் உள்ளேயே அமைந்திருக்கிறது. பழைய வகை ஃபஸ் (மிகக் கரடான டிஸ்டார்ஷன்) பெடலை மட்டும் பஃபருக்கு முன் வைக்க வேண்டும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, டிஜிட்டல் டிலேயையும் ஓவர்டிரைவையும் ஒரே 9 வோல்ட் அடாப்டரில் கோப்பதால் எழும் கீச்சொலியைத் தனித்தனியே பிரிக்கப்பட்ட வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளை தடுக்கும்.

நம் பகுதி மேடைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்குக் கித்தார் ஆம்ப் (கித்தாருக்கெனத் தனி ஸ்பீக்கருடன் கூடிய ஒலிபெருக்கி) இருப்பது அரிது. சவுண்டு சர்வீஸ்காரர், கித்தாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிஐ பாக்ஸ் வழியாக நேரே மிக்சரில் இணைத்துவிடுகிறார். கித்தார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் குறைத்துவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் டிஸ்டார்ஷன் ஒலிக்கும்போது தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்கிறது. ஆகவே பெடல் வரிசையின் கடைசியில் கித்தார் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வடிகட்டும் கேபினெட் சிமுலேட்டர் ஒன்றை வைப்பது, இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல் வாங்குவதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

இரைச்சலைப் போக்குவதாக எண்ணிப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுவோர் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 1972-இல் பிரிட்டனின் சுவான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். ஈரத் தரையும் ஜெனரேட்டரும் உள்ள நம் மேடைகளில் எர்த் இணைப்பு கட்டாயம் தேவை. இரைச்சலை டிஐ பாக்ஸில், ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சைக் கொண்டு குறைக்கலாம்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும், அந்த மேடையின் மின்சாரத்தோடும் மிக்சரோடும் இணைத்துக் கேட்ட பிறகே குறைகள் தெரியும். கச்சேரிக்கு முன் அரை மணி நேரமாவது நன்கொடையாளர் அறிவிப்புகளை நிறுத்திவைத்து, கலைஞர்கள் தங்கள் இணைப்புகளைச் சோதித்துக்கொள்ள மேடையை ஒதுக்கித்தர வேண்டும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக் கித்தார் கலைஞர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.