பொல்லாக் பார்த்தது வேறு, பாட்டிலில் விற்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரிப் பொறியியல் பேராசிரியர் ஜெரால்டு பொல்லாக் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீருக்கு நான்காவது நிலை இருப்பது உறுதியாகிவிட்டது போலவே அதில் எழுதியிருக்கிறது. நான் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. மறுநாளே இரண்டு பிள்ளைகள், "அப்போ பனிக்கட்டி, தண்ணீர், நீராவின்னு நீங்க சொன்னது தப்பா மிஸ்?" என்று கேட்டார்கள்.

எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்து, 1968-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பல வருடம் தசை எப்படிச் சுருங்குகிறது என்று ஆராய்ந்து, அங்கிருந்து செல்லுக்கும், செல்லிலிருந்து தண்ணீருக்கும் வந்தவர் அவர். போன இடமெல்லாம் பாடப்புத்தக விளக்கத்தோடு மோதியிருக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

அவருடைய சோதனையும் அழகானது. நாஃபியான் என்ற பாலிமர் படலத்தைத் தண்ணீரில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகளைக் கலந்தால், கொஞ்ச நேரத்தில் அவை படலத்தைவிட்டு விலகிப் போய், ஓரத்தில் தெளிந்த பட்டை ஒன்று உருவாகும். அகலம் சில நூறு மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனைவிட அதிகம். ஒரு பரப்பின் பாதிப்பு சில மூலக்கூறு அடுக்குகளோடு நின்றுவிடும் என்று படித்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம்தான். மற்ற ஆய்வகங்களிலும் இந்தப் பட்டையைப் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் என்ன என்பதில்தான் சண்டை. தண்ணீரே அறுகோண அடுக்குகளாக மாறிவிடுகிறது, அதுதான் நான்காவது நிலை என்கிறார் பொல்லாக். ஆனால் நாஃபியான் தண்ணீரிலுள்ள நேர் அயனிகளை (நேர் மின்சுமை கொண்ட துகள்களை) இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அதனால் உப்பின் செறிவு இடத்துக்கு இடம் மாறுபட, அந்த ஏற்றத்தாழ்வே உருண்டைகளைத் தள்ளுகிறது என்று நெதர்லாந்தின் ஐந்தோவன் நகர ஆய்வாளர்கள் 2014-ல் சோதனையோடும் கணக்கோடும் காட்டினார்கள். இதற்குத் தண்ணீரின் புதிய நிலை எதுவும் தேவையில்லை. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது எனக்கு வெறும் பாட விஷயமில்லை. 'நான்காம் நிலை நீர்' தருகிறது என்று ஒருவர் விற்ற கருவியை 18,000 ரூபாய்க்கு வாங்கிய என் அத்தை, அதை நம்பி சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார், நாங்கள் கவனிப்பதற்குள் சர்க்கரை எகிறி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பொல்லாக் பார்த்த பட்டை படலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பாட்டிலில் பிடித்துக் குடித்தால் நோய் தீருமா என்பதற்கு அந்தச் சோதனையில் பதிலே கிடையாது.

அடுத்த வாரமாவது அந்த 2014 சோதனையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள், அயனிகள் இடம் மாறுவதைக் காட்டும் ஒரு படத்தோடு. வகுப்புச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை, கரூர்