செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. மூன்றாவது குறுக்குத் தெருவில் எரியாமல் கிடந்த விளக்குகள் மாற்றப்பட்டன. மழைக்கு முன்பே வடிகால் தூர்வாரப்பட்டது, ஆனால் அள்ளிப்போட்ட மண்ணை எடுக்க நகராட்சிக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டி நன்றாக நடந்தது. சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அனுப்ப வேண்டிய கணக்கை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. சென்ற பொதுக்குழுவில் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து தன் மகளைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கும். ஸ்கூட்டர் லைசென்சுக்காக ஆன்லைனில் பணம் கட்டி, நாளும் நேரமும் பதிவு செய்து, வேலைக்கு லீவு போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனாள் அந்தப் பெண். காலை எட்டரைக்குப் போனவளிடம் மதியம் இரண்டு மணிக்கு, "இன்ஸ்பெக்டர் இன்னைக்கு வரமாட்டார்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறையும் அரை நாள் வெயிலில் நின்றாள். "புரோக்கர்கிட்ட கொடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்லையே" என்று கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். அந்தப் பேச்சுதான் என்னை உறுத்தியது. நேர்வழியில் போகிறவர் அலைவதும், குறுக்கு வழியில் போகிறவர் சீக்கிரம் வீடு திரும்புவதும் ஊர் வழக்கமாக ஆகிவிடக் கூடாது.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த எல்.எல்.ஆர். 6 மாதம்தான் செல்லும். தேர்வு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அந்த ஆறு மாதத்திலிருந்துதான் நாள் கழிகிறது. தினக்கூலிக்காரர் என்றால் கூலியும் போகிறது.

சரி, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை அலுவலகத்தின் வாயாலேயே கேட்போம் என்று முடிவு செய்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 3-இன்படி இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. அதனால் சங்கத்தின் பெயரில் கேட்டால் திருப்பிவிடுவார்களோ என்று யோசித்து, என் சொந்தப் பெயரிலேயே மனு எழுதினேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். "தேர்வுக்கு வருகிறவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? தாமதத்துக்குக் காரணம் என்ன?" இவ்வளவுதான் கேட்டோம்.

பதில் தரச் சட்டம் கொடுத்திருக்கும் முப்பது நாள் கெடு முடிவதற்குள் ஒரே வரியில் பதில் வந்தது: "கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "தம்பி, தப்பு நம்ம கேள்வியில இருக்கு" என்றார். 2011-இல் உச்ச நீதிமன்றம், மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் தீர்ப்பளித்தது. இல்லாத தகவலைப் புதிதாகத் திரட்டியோ கணக்குப் போட்டோ கொடுக்க வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. "சராசரி" என்று ஒரு பதிவேடு எந்த ஆபீசிலும் கிடையாது. "ஏன்" என்ற கேள்விக்கும் இந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது. இருக்கிற காகிதத்தைக் கேட்டு வாங்கி, கணக்கை நாம்தான் போட வேண்டும். உறுப்பினர்கள் வேறு அலுவலகங்களுக்கு மனுப் போடும்போதும் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது மனுவை அவரே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். மூன்று மாதத்துக்கான ஓட்டுநர் தேர்வுப் பதிவேட்டின் நகல், ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நேரம் ஒதுக்கலாம் என்ற உத்தரவு, மோட்டார் வாகன ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை, அவற்றில் காலி எத்தனை என்ற விவரம், தேர்வு முடிவு கணினியில் ஏற்றப்பட்ட நேரம் ஆகியவற்றைக் கேட்டோம். விண்ணப்பதாரர்களின் பெயரையும் முகவரியையும் மறைத்துக் கொடுத்தால் போதும் என்று நாமே எழுதிவிட்டோம். அடுத்தவர் வீட்டு விலாசம் நமக்கு எதற்கு? அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் மறுக்கவும் இடம் இருக்காது.

இந்த முறை முப்பது நாள் தாண்டியும் பதில் இல்லை. பிரிவு 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு செய்தோம், இதற்குக் கட்டணம் கிடையாது. மேல்முறையீட்டு அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பொறுமையாகக் கேட்டார். நகல்களைக் கொடுக்கவும் பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதிக்கவும் உத்தரவிட்டார். கெடு தாண்டியதால் பிரிவு 7(6)-இன்படி நகல்கள் இலவசமாகவே வந்தன.

பதிவேட்டைப் பார்க்க நானும் மூத்த உறுப்பினரும் போனோம். சிவப்புத் துணி பைண்டிங் போட்ட நீளமான நோட்டு. வரிசை எண், எல்.எல்.ஆர். எண், வாகன வகை, முடிவு, ஆய்வாளர் கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். ஆள் எத்தனை மணிக்கு வந்தார் என்பதற்குக் கட்டமே இல்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது, சில நாட்களில் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தது. அதன் மேல் "ஆய்வாளர் வேறு பணி" என்று எழுதியிருந்தது. நம் உறுப்பினரின் மகள் முதல் முறை திரும்பி வந்த தேதியைத் தேடிப் பார்த்தோம். அன்றும் அதே சிவப்புக் கோடு. காலையிலேயே தெரிந்த விஷயத்தை மதியம் வரை நின்ற பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் நாமும் ஒரு சிறு சீட்டு அச்சடித்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகும் உறுப்பினர்களிடம் கொடுத்தோம். வந்த நேரம், டோக்கன் வாங்கிய நேரம், போட்டோ எடுத்த நேரம், எட்டுப் போட்ட நேரம் (தேர்வில் வண்டியை எட்டு வடிவில் ஓட்டிக் காட்டிய நேரம்), வெளியே வந்த நேரம் என்று அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். பதிவேட்டையும் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விஷயம் புரிந்தது. கவுன்டரில் அதிகத் தாமதம் இல்லை, ஊழியர்கள் வேகமாகத்தான் வேலை செய்கிறார்கள். காத்திருப்பெல்லாம் தேர்வு மைதானத்தில்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் அதே ஆய்வாளர்தான் லாரி, பஸ்களுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காகச் சோதனை பார்க்க வேண்டும், புது வண்டிகளைச் சோதிக்க வேண்டும், விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்க்கவும் போக வேண்டும், சாலையில் வாகனத் தணிக்கையும் செய்ய வேண்டும். அவற்றை முடித்துவிட்டுத்தான் எட்டுப் போடுகிறவர்களிடம் வருகிறார். ஆய்வாளர் பணியிடம் ஒன்று காலியாக இருப்பதும் பதிலில் தெரிந்தது. பதிவேட்டை எடுத்துக் கொடுத்த எழுத்தர், "நீங்க கேட்டது நல்லதுதான் சார், எங்களுக்கும் ஆள் வேணும்" என்றார். அவர்களைக் குறை சொல்வதற்காக இந்த வேலையை நாம் எடுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மேல்முறையீட்டுக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஆய்வாளர் வெளிவேலையாகப் போகும் நாட்களில் காலையிலேயே வாசல் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பலகையைப் பார்க்க முதலில் அங்கே போயாக வேண்டும், அதனால் இது போதாது. பதிவு செய்தவரின் செல்போன் எண் அவர்களிடமே இருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும்.

கணினியில் ஏற்றப்பட்ட நேரம் மட்டும் இன்னும் வரவில்லை. "மென்பொருளை நிர்வகிப்பவர்களிடம் கேட்கவும்" என்று பதில் வந்தது. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், பிரிவு 6(3)-இன்படி மனுவை 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்பியிருக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு, 90 நாள் கெடுவுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்திருக்கிறோம். விசாரணை தேதி இனிமேல்தான் வர வேண்டும்.

இரண்டு மனுக்களுக்கு ஆன 20 ரூபாயும் தபால் செலவும் சீட்டு அச்சடித்த செலவும் கணக்கில் காட்டப்பட்டுள்ளன. அந்தப் பெண் மூன்றாவது முறை போய்த் தேர்ச்சி பெற்றாள், லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது. அவள் நிரப்பிய சீட்டுதான் கோப்பில் முதல் சீட்டு.

காலியாக உள்ள ஆய்வாளர் பணியிடத்தை நிரப்பவும், தேர்வு இல்லாத நாட்களை முன்கூட்டியே குறுஞ்செய்தியில் தெரிவிக்கவும் கேட்டு, பதிவேட்டு நகல்களை இணைத்துப் போக்குவரத்து ஆணையருக்கு மனு அனுப்பச் செயற்குழு தீர்மானித்துள்ளது. அந்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். வரும் மாதங்களில் லைசென்ஸ் வேலையாகப் போகிறவர்கள் சங்க அலுவலக மேசையில் உள்ள சீட்டை மறக்காமல் எடுத்துப் போய், நேரத்தைக் குறித்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்